இடுப்பளவு

நான் துணி அளப்பவள். என் அண்ணன் வாயால் அளப்பவர். பழைய கார் வாங்கி விற்பது அவர் தொழில் என்று பெயர்ப்பலகை சொல்லும். ஆனால் வக்கீலைப் பார்த்தால் வக்கீலுக்குச் சட்டம் சொல்வார், கொத்தனாரைப் பார்த்தால் சுவர் கட்டச் சொல்லிக்கொடுப்பார். எதை எடுத்தாலும் கடைசியில் "எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கும்மா" என்று முடிப்பார். அந்தத் தெரிந்த இடத்தால் என் வீட்டுக்காரர் போய்ச் சேர இருந்தார்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். காலை ஆறு மணிக்குப் பயிற்சிக் காரின் இடது இருக்கையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவன் தப்பு செய்தால் இவர் மிதிப்பார். நாள் முழுக்க அந்த ஒரு கால்தான் வேலை செய்யும், மற்றதெல்லாம் ஓய்வு. தொப்பை வராமல் வேறென்ன வரும்?

வீட்டு முன்னறையில் என் தையல் கடை. அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம். வாய் சொன்னதைக் கை எழுதும், தப்பு வராது. வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் இவரும் பேண்டுக்கு அளவு கொடுக்க வந்து நிற்பார். டேப்பைச் சுற்றிப் பிடித்து, "நாப்பத்திரண்டு! டேப்பு பத்தல, தெருக்கோடிக்கு நடந்து போய் மறுமுனையைப் பிடிக்கணும் போலிருக்கு" என்பேன். கடையே சிரிக்கும். இவரும் சிரிப்பார். பரவாயில்லை, கேலியைத் தாங்குகிற மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

இவர் மயங்கி விழுந்ததற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால், "புது விதிமுறையாம், அஞ்சு நாள் வெளியூர்ல பயிற்சி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கற்றுக்கொடுக்கிறவருக்கே பயிற்சியா என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டு, "இப்பல்லாம் அப்படித்தாம்மா, உனக்கென்ன தெரியும்" என்றார். எனக்குத் தெரியாதுதான். கேட்பவள் கேனையாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும்.

திரும்பி வந்தபோது மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரைக்கும் ஒரு தடித்த பட்டை கட்டியிருந்தார். முதுகு வலி, அங்கே நாற்காலி சரியில்லை என்றார். தூங்கும்போதும் கழற்றவில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். "என்ன, புதுப்பொண்ணு மாதிரி வெக்கம்?" என்று கேட்டேன். பட்டையை வெளியிலிருந்து தடவிப் பார்த்து, "தையல் நல்லா அழுத்தமா போட்டிருக்கான், இரட்டைத் தையல்" என்று பாராட்டினேன். தையலைப் பார்த்தேன். அது எதற்குத் தைத்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. அதோடு விட்டதா? பேண்ட் நிற்கவில்லை என்று மூன்று பேண்டைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றிலும் மூன்று அங்குலம் பிடித்துத் தைத்தேன். ஒரு வாரத்தில் மூன்று அங்குலம்! ஊரார் இடுப்பெல்லாம் எனக்கு மனப்பாடம், அப்படி யாருக்காவது குறைந்து நான் கண்டதுண்டா? "வெளியூர் சாப்பாடு சரியில்ல" என்றார். நானும் நம்பித் தைத்துக் கொடுத்தேன். முப்பது வருஷம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்து என்ன புண்ணியம்?

அன்று மதியம் ஒரு மணி இருக்கும். இவர் கடையின் மூன்று படி ஏறி வந்து, மாடி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்கினார். இரண்டு நாளாக வலது கெண்டைக்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், பிரேக் மிதிக்கிற கால்தானே என்று விட்டிருந்தேன். முகமெல்லாம் வேர்வை. மார்பைப் பிடித்துக்கொண்டு என் வெட்டு மேஜைமேல் சாய்ந்தார்.

"வெட்டி வச்ச துணி அது, வேர்வை பட்டுடும், தள்ளி உக்காருங்க" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ, அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். ஒரு பார்வை பார்த்தார், நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒண்ணுமில்ல, கேஸ். மாப்ளைக்கு ஒரு சோடா குடு." சோடா வந்தது. ஒரு வாய் குடித்தார். கண் மேலே சொருகியது. அப்படியே மேஜையிலிருந்து வழிந்து தரையில் விழுந்தார்.

வெளியே பயிற்சிக் கார்தான் நின்றது. பின் இருக்கையில் அவரைப் படுக்க வைத்தோம், அண்ணன் ஓட்டினார், இவர் வழக்கமாக உட்காரும் இடது இருக்கையில் நான் உட்கார்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷ தூரம். வாசல் வந்தது. வண்டி நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

"அண்ணே, ஆஸ்பத்திரி!"

"இங்க போனா அதைப் பண்ணு இதைப் பண்ணுன்னு அலைய விடுவாங்கம்மா. எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு. மாப்ளையோட உடம்பு அங்க இருக்கறவருக்கு நல்லாத் தெரியும்."

இவர் உடம்பு அங்கே யாருக்கு, எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது புத்தியில்லை. கால் இருந்தது. ஓங்கி ஒரு மிதி. வண்டி வாசலிலேயே குலுங்கி நின்றது. அண்ணன் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. அன்றைக்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

அவசரப் பிரிவில் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டையைக் கத்தரித்தார்கள், மார்பில் வில்லைகளை ஒட்டினார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு நர்ஸ் பட்டையில் கை வைத்ததும் அண்ணன் பாய்ந்தார். "அதைத் தொடாதீங்க சிஸ்டர். முதுகெலும்பு தேய்மானம். கழட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்." நர்ஸ் நல்ல பிள்ளையாகக் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு மேலே பார்க்க ஆயிரம் வேலை.

"எடை எவ்வளவு? ஊசி அளவு பாக்கணும்" என்று கேட்டாள்.

எனக்குத்தான் எண் என்றால் சத்தமாகச் சொல்லிப் பழக்கமாயிற்றே. "தொண்ணூத்தி நாலு!" என்றேன். "தொப்பையே பாதி இருக்கும்." பக்கத்துக் கட்டிலில் கை உடைந்து கிடந்தவன்கூடச் சிரித்தான். என் வீட்டுக்காரர் அரைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். சாகப் போகிறவர் கண் என்று நான் நினைக்கவில்லை. முறைக்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்து வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டரம்மா எங்களைத் தனியே கூப்பிட்டார். என் பெண் வயதுதான் இருக்கும். நிற்கக்கூட நேரமில்லாமல் நின்றுகொண்டே பேசினார்.

"கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. அது உடைஞ்சு மேல போய், நுரையீரலுக்குப் போற பெரிய ரத்தக் குழாயை அடைச்சிடுச்சு. ரெண்டு பக்கமும். ரத்தம் மேல மேல உறையாம இருக்க ஊசி போட்டுட்டோம். பிரஷர் நல்லா இருந்தா அந்த ஊசியோட விட்டிருப்பேன், இருக்கற அடைப்பை உடம்பே மெதுவா கரைச்சுக்கும். ஆனா இவருக்கு பிரஷர் எண்பதுக்கு வந்துடுச்சு. இதயத்தோட வலது பக்கம் தள்ள முடியாம வீங்கியிருக்கு. காத்திருக்க முடியாது."

"அப்போ?" என்றேன்.

"அடைப்பைக் கரைக்கற மருந்து இருக்கு. நரம்புல ஏத்தினா ரெண்டு மணி நேரத்துல வேலை செய்யும். ஆனா அந்த மருந்துக்கு எந்த இடம் வேணும், எந்த இடம் வேணாம்னு தெரியாது. உடம்புல எங்க ஆறாத புண் இருந்தாலும் அங்க ரத்தம் கொட்டும், நிறுத்தறது கஷ்டம். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தலையில அடி, பக்கவாதம், வயித்துல ரத்தக் கசிவு ஏதாவது உண்டா? இந்த ஒரு மாசத்துல ஆபரேஷன் ஏதாவது நடந்துச்சா? சின்னதா இருந்தாலும் சொல்லணும்."

"ஒண்ணும் கிடையாது டாக்டர். எனக்குத் தெரியாம என் வீட்ல ஒரு ஊசிகூட இடம் மாறாது" என்றேன்.

எவ்வளவு திமிராகச் சொன்னேன் தெரியுமா? பக்கத்தில் அண்ணன் செருமினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதில் எதுவும் வராதபோதே உற்றுப் பார்த்தார். நான்தான் கவனிக்கவில்லை.

தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் மருந்துக் குப்பியை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள்.

அப்போது அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. வந்த பயத்தை வாய் வழியாகத்தான் விடத் தெரியும் அவருக்கு. "டாக்டர், இந்த மருந்து இல்லாம வேற வழியே இல்லையா?"

"இருக்கு. கரைக்கற மருந்து குடுக்க முடியாதவங்களுக்கு அதைத்தான் பண்ணுவோம். தொடை மடிப்புல இருக்கற ரத்தக் குழாய் வழியா ஒரு ட்யூபை விட்டு, நுரையீரல் வரைக்கும் கொண்டுபோய் அடைப்பை உறிஞ்சி எடுக்கறது. அதுக்கும் மேல போனா நெஞ்சைத் திறந்து பண்ற ஆபரேஷன், அது கடைசி வழி."

"மறுபடியும் உறிஞ்சறதா?" என்றார் அண்ணன். "ஐயோ வேணாம் டாக்டர், ஒரு தடவை உறிஞ்சினதுக்கே மனுஷன்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் அண்ணன் கெட்டதோடு நிற்கவில்லை. அந்த வாய்தான் அன்றைக்கு ஒரு உயிரைப் பிடித்து வைத்தது. நல்லது என்று தெரிந்து அவர் அதைச் செய்யவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மறுபடியும்னா?" என்று கேட்டேன்.

"அது வந்து... பொதுவாச் சொன்னேம்மா."

"அண்ணே. என்னத்தை உறிஞ்சினாங்க?"

அதைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அஞ்சு நாள் பயிற்சி, தாழ் போட்ட குளியலறை, மூன்று பேண்ட், மூன்று மூன்று அங்குலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே பூசணிக்காயையே உறிஞ்சி எடுத்துவிட்டு என்னிடம் சோற்றை நீட்டியிருக்கிறார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "யாரும்மா நீங்க, வெளிய போங்க" என்று யாரோ கத்தினார்கள். கட்டிலில் கிடந்தவர் பட்டையைப் பிடித்தேன். பக்கவாட்டில் ஒட்டுப்பட்டை, உள்ளே வரிசையாகக் கொக்கி. தைக்கிறவளுக்குப் பிரிக்கத் தெரியாதா? ஒரே இழுப்பு.

வயிறு முழுக்கக் கன்றிப்போயிருந்தது. நீலம், கருநீலம், ஓரத்தில் மஞ்சள். தொப்புளைச் சுற்றியும் விலாவிலும் ஆறு சின்னத் துளைகள், தையல் போட்டுப் பிரித்த தழும்போடு. மோசமான தையல் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

"நிறுத்துங்க!" என்றார் பின்னாலேயே வந்த டாக்டரம்மா. நர்ஸ் மருந்துக் குழாயை நரம்போடு சேர்க்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டாள். "கொழுப்பு உறிஞ்சியிருக்காங்க. எப்போ?"

வாசலில் நின்ற அண்ணன் சுவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னார். "பன்னெண்டு நாள் ஆச்சு."

"கால்ல ரத்தம் உறைஞ்சதே இதாலதான். இந்தத் தோலுக்கு அடியில வயிறு முழுக்கப் புண். இந்த மருந்து போயிருந்தா உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டியிருக்கும். நான் கேட்டேனே சார்! சின்னதா இருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்டேனே! நீங்க அங்கதானே நின்னீங்க?"

அண்ணன் சுவரைவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "அது ஆபரேஷன் இல்ல டாக்டர்... அழகு சிகிச்சைன்னுதான் அங்க சொன்னாங்க."

நான் பார்த்த முட்டாள்களுக்கெல்லாம் அன்றைக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். ட்யூப் விடுகிறவர்களைக் கேட்டு மேல்மாடிக்குப் போன் போட்டார். புதிதாக ஒரு தாள் வந்தது, புதிதாக ஒரு கையெழுத்துப் போட்டேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். லிஃப்ட் கதவு மூடியது.

ஒன்றரை மணி நேரம். இரும்பு நாற்காலி, எதிரே தண்ணீர் எந்திரம், பக்கத்தில் என் அண்ணன். பக்கத்தில் உட்காராதீர்கள் என்று சொல்லியும் உட்கார்ந்தார்.

"மாப்ளதாம்மா கெஞ்சினார். உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். எனக்குத் தெரிஞ்ச இடம், சுத்தமான இடம். முன்னாடி எடுத்த போட்டோ, பின்னாடி எடுத்த போட்டோ எல்லாம் சுவர்ல மாட்டியிருப்பாங்க."

"செத்தவன் போட்டோவும் மாட்டியிருக்காங்களா?"

"கோவத்துல பேசாதம்மா."

"சத்தியம் பெருசா, உயிர் பெருசா? ஊசி ஏத்தப் போறாங்க, நீங்க போனைப் பாத்துட்டு நிக்கறீங்க. நான் தாலியறுத்து நின்னா அப்பவும் எனக்குத் தெரிஞ்ச இடம்னு எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை. அழுகிறவனை நம்பாதே என்பார்கள், இவர் பேசினாலும் நம்ப முடியாது. எழுந்து தண்ணீர் எந்திரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறேன். அதைச் சுருட்டினேன், பிரித்தேன், சுருட்டினேன். 'இவரை மட்டும் விட்டுடு' என்று யாரிடம் கேட்டேனோ தெரியாது, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டாக்டர்கள் இருவர் வெளியே வந்தார்கள். என் விரல் நீளத்துக்கு இருந்ததாம் அந்த அடைப்பு, துண்டு துண்டாக உறிஞ்சி எடுத்துவிட்டார்களாம். எடுத்த உடனேயே பிரஷர் ஏறியதாம். அண்ணன் பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல, ட்யூப்தான் நல்லதுன்னு" என்றார். அவர் வாய்க்கும் என் காலடியில் ஒரு பிரேக் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று கண் பார்த்ததும், ராத்திரியெல்லாம் அடக்கி வைத்திருந்தது மடை திறந்து வந்தது.

"வெக்கமா இல்ல? அம்பது வயசுல யாரைக் கவுக்கறதுக்கு இந்த இடுப்பு? சினிமாவுல நடிக்கக் கூப்பிட்டாங்களா? கொழுப்பை வயித்துலேர்ந்து எடுத்தாங்களே, மண்டையில இருக்கறதை எடுத்தாங்களா? பொய் சொல்லிட்டுப் போய், பட்டை கட்டிட்டு வந்து, என் கையாலயே பேண்டைப் பிடிச்சுத் தைக்க வச்சீங்களே. நான் என்ன இளிச்சவாச்சியா? எவளுக்காகப் பண்ணினீங்க, அதையாவது சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்குவதற்காகத்தான் நிறுத்தினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். மூச்சு இன்னும் முழுசாக வரவில்லை, இரண்டு தவணையாகச் சொன்னார்.

"நீ அளவெடுக்கறப்ப... சத்தமாச் சொல்லுவியே."

"என்ன?"

"கடையில எல்லாரும் இருப்பாங்க. நாப்பத்திரண்டுன்னு கத்துவ." மூக்குக் குழாயை ஒரு விரலால் நகர்த்திக்கொண்டார். "ஒரு தடவையாவது முப்பத்தெட்டுன்னு கத்த வைக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடையில் சிரிக்கிற அதே சிரிப்பு. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற சிரிப்பு, அது சிரிப்பில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது, அண்ணன் வாய்க்கும் இதற்கும் ஒரே வயிற்றுப் பிறப்பு. அண்ணனை எவ்வளவு திட்டினேன்! மருந்துக் குழாயோடு நர்ஸ் நின்ற நேரத்தில்கூட அவர்மேல்தான் கோபப்பட்டேன். இவரை அந்தத் தெரிந்த இடத்துக்கு அனுப்பி வைத்தது யார் என்று இப்போது தெரிந்தது. இவர் போர்வையைச் சரி செய்தேன், சரியாக இருந்ததையே மறுபடி சரி செய்தேன்.

அப்போது புது நர்ஸ் ஒருத்தி அட்டையோடு வந்தாள். "வயித்துல புண் இருக்கறதால இனிமே கையில ஊசி. ரத்தம் உறையாம இருக்க அப்புறம் மாத்திரை, குறைஞ்சது மூணு மாசம், ஒரு வேளைகூட விடக் கூடாது" என்று ஒப்பித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எடை எவ்வளவும்மா? எழுதினது அழிஞ்சிருக்கு."

பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் திரும்பினாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய், நர்ஸின் காதருகே குனிந்து சொன்னேன்.

"என்னம்மா? கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"பேனாவைக் குடுங்க," என்றேன், "எழுதித் தர்றேன்."